லயத்துச் சாமான்களுக்கு ஒரு அறை: அமெரிக்காவில் பார்த்த மாதிரி நம் மலையில் செய்ய முடியுமா?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்து யோசனை சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்களில் கிடக்கிற பழைய சாமான்களுக்கு ஒரு அறை வைப்பது பற்றித்தான்.

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காகப் பென்சில்வேனியா போய் ஐந்து மாதம் இருந்தேன். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் மாப்பிள்ளை ஒரு சனிக்கிழமை எங்களை டாய்ல்ஸ்டவுன் என்கிற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மெர்சர் மியூசியம் என்று ஒன்று. மியூசியம் என்றதும் ராஜாவின் வாள், கிரீடம், சிலை என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், பல மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கிற இடத்தில் வண்டி, படகு, நாற்காலி, தொட்டில், கூடை எல்லாம் கைப்பிடிச் சுவரிலும் கூரையிலும் தொங்குகின்றன. சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். செருப்புத் தைத்தவருக்கு ஒன்று, மெழுகுவர்த்தி ஊற்றியவருக்கு ஒன்று, தொப்பி செய்தவருக்கு ஒன்று, தகர வேலை பார்த்தவருக்கு ஒன்று. எல்லாமே சாதாரண ஜனங்கள் கையில் பிடித்து வேலை செய்த சாமான்கள்.

அதைச் சேர்த்த ஹென்றி மெர்சர் என்பவர் தொல்லியல் ஆள். 1897-ல் அடுப்புக்கு ஒரு பழைய இடுக்கி தேடிக் காயலான் கடை மாதிரி ஒரு இடத்துக்குப் போயிருக்கிறார். அங்கே குவிந்து கிடந்த பழைய கருவிகளைப் பார்த்ததும், மண்ணைத் தோண்டி ஆதி மனிதனின் கல்லாயுதத்தை எடுக்கிற நாம் நம் தாத்தா பிடித்த கருவியைக் குப்பையில் விடுகிறோமே என்று மனதில் தைத்துவிட்டது. மெஷின்கள் வந்து கைவேலை அழிந்துகொண்டிருந்த காலம் அது. அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய் வாங்கிச் சேர்த்து, தீப்பிடிக்காமல் இருக்க முழுக்க கான்கிரீட்டிலேயே கட்டடம் எழுப்பி 1916-ல் முடித்திருக்கிறார்.

அப்புறம் இன்னொரு நாள் ஸ்க்ராண்டன் போனோம். அது நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கேயும் தொழிலாளிகளுக்கென்றே ஒரு மியூசியம். அதில் இரண்டு சாமான்கள் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஒன்று சுரங்கத் தொழிலாளியின் சாப்பாட்டுத் தூக்கு. நம் அடுக்குத் தூக்கு மாதிரியேதான், அடியில் தண்ணீரோ டீயோ, மேல் தட்டில் சாப்பாடு. இன்னொன்று நம்பர் அடித்த பித்தளை வில்லை. தொழிலாளி தான் நிரப்பிய கரி வண்டியில் தன் வில்லையை மாட்டி மேலே அனுப்புவாராம், நிறுக்கிறவர் நம்பரைப் பார்த்து அவர் கணக்கில் எடையை எழுதுவாராம். அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்து நிறுவைதான் கண்ணில் வந்தது. மத்தியானம் கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஈரக் கொழுந்துக்கு இவ்வளவு கழிவு, கூடைக்கு இவ்வளவு கழிவு என்று எழுதுகிறபோது அம்மா வாயைத் திறக்காமல் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்கு இப்போது 78 வயது. 1971-ல் இலங்கையில் நுவரெலியாப் பக்கத்திலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர். ஊருக்குத் திரும்பியதும் பரணைத் துழாவினேன். அம்மாவின் கொழுந்துக் கூடை இருந்தது. இடுப்பில் கட்டுகிற படங்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி ஒன்று, கப்பலில் வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை, ஒரு தகரப் பெட்டி. கூடையின் தலைக்கயிறு நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. முப்பது வருஷத்துத் தேங்காய் எண்ணெயும் வியர்வையும். அம்மாவின் உச்சியில் அதே ஒரு சாண் இடத்தில் முடி கிடையாது.

எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, தருகிறோம் என்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்த வீடுகளிலிருந்து சாமான்களைக் கேட்டு வாங்கி அங்கே வைக்க ஆசை. கேள்வி இதுதான். எதை வைப்பது, எதை விடுவது? துலக்கி வைக்கலாமா, அழுக்கோடேயே விடலாமா? பக்கத்தில் என்ன எழுதி வைப்பது? வெறுமனே "தேயிலைக் கூடை" என்று சீட்டு ஒட்டினால் அது பஜாரில் டூரிஸ்டுகளுக்கு விற்கிற பொம்மைக் கூடை மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

மலைரயில் (குன்னூர்) பதில்:

அக்கா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைக்கயிற்றை யாரும் சோப்புப் போட்டுக் கழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்பு போனால் கூடையில் பாதி போன மாதிரி.

நான் மாசசூசெட்ஸில் எட்டு வருஷம் இருந்தவன். பக்கத்தில் லோவல் என்று ஒரு மில் ஊர். நம் கோயம்புத்தூரைப் பருத்தி மில் ஊர் என்று சொல்வது போல அமெரிக்காவின் மில் ஊர் அது. 1978-ல் அந்த ஊரின் பழைய மில்களையும் கால்வாய்களையும் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். காட்டுக்கும் மலைக்கும் தருகிற மரியாதையை ஒரு தொழிலாளர் ஊருக்குத் தந்திருக்கிறார்கள், எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. பூட் மில்லின் தறிக்கூடத்தில் எண்பதுக்கு மேல் தறிகள் இருக்கின்றன, வருகிறவர்கள் பார்க்கவென்று சிலவற்றை ஓட்டிக் காட்டுவார்கள். உள்ளே போகும்போதே காதில் வைக்கப் பஞ்சடைப்பான் தருவார்கள். சில தறிகள் ஓடினதற்கே தரை அதிர்ந்து கால் வழியாக ஏறியது. அத்தனையும் ஓடும்போது பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் உள்ளே நின்ற பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் சுற்று வட்டாரத்துக் குடியானவர் வீட்டுப் பெண்கள், பதினைந்து பதினாறு வயதிலேயே வந்தவர்கள். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். நம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குத் தப்பு மேளம் அடித்து எழுப்பினார்களே, அதேதான். 1834-ல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கியிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு தறி ஓடத்தைப் பற்றி. கைக்கு அடக்கமான மரக் கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை. நூல் தீர்ந்து புதுக் கண்டு மாற்றும்போது அந்த ஓட்டையில் வாயை வைத்து உறிஞ்சித்தான் நூலை வெளியே இழுப்பார்களாம். ஒரே ஓடத்தை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் உறிஞ்சுவார்கள், பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போகும், ஒருத்தருக்குக் காசநோய் இருந்தால் அடுத்தவருக்கும் வரும் என்று பயம். அதற்கு "சாவு முத்தம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். மாசசூசெட்ஸில் 1911-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் அது வழவழவென்று அழகான மரச் சாமான். தெரிந்த பிறகு அதைக் கையில் வாங்கவே எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: சாமானின் பெயரை எழுதுவதைவிட உடம்பில் அது எங்கே பட்டது என்று எழுதுங்கள். ஓடம் என்றால் உதடு. கூடை என்றால் உச்சி. கவ்வாத்துக் கத்தி என்றால் உள்ளங்கை. படங்கு என்றால் இடுப்பும், ஈரத்தில் ஊறிய தொடையும்.

அரவங்காட்டுக்காரன் பதில்:

நல்ல காரியம். மணி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஆலைகளில் வந்த நேரம், போன நேரம் பதிகிற கடிகாரம் இருக்கிறதே, அதை நியூயார்க் மாநிலத்தில் வில்லர்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் 1888 வாக்கில் உருவாக்கினார். ஆரம்பத்தில் அட்டை கிடையாது, ஆளுக்கொரு நம்பர் போட்ட சாவி. சாவியைச் செருகித் திருப்பினால் உள்ளே காகிதத்தில் நம்பரும் நேரமும் அச்சாகும். பிற்பாடு பல கைமாறி அந்தக் கம்பெனியும் சேர்ந்துதான் ஐபிஎம் ஆயிற்று. இன்று எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனி என்று சொல்வதன் வேரில் தொழிலாளியின் நேரத்தை எண்ணுகிற கடிகாரம் இருக்கிறது. உங்கள் அறையில் பிரட்டுத் தப்பு ஒன்று கிடைத்தால் கட்டாயம் வையுங்கள். அதுதான் நம் மலையின் கடிகாரம்.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்) பதில்:

நான் சமவெளியில் ஒரு மியூசியத்தில் சாமான் பராமரிக்கிற பிரிவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருக்கிறேன். அதனால் கை வேலை பற்றி மட்டும் சொல்கிறேன்.

நம் மலைகளில் முதல் எதிரி மூடுபனி. காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை வரும், நமக்கு மழை மாதங்களில் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. எனவே அறையில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறதோ அந்தச் சுவரை ஒட்டி ஒன்றும் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், பலகை போட்டு ஒரு சாண் உயர்த்துங்கள். வெயில் அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறந்து, மூன்று மணிக்குப் பனி இறங்குவதற்கு முன்னால் மூடிவிடுங்கள்.

மூங்கில் கூடையை உற்றுப் பாருங்கள். குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் அடியில் மாவு மாதிரி தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவவே வேண்டாம். பெரிய பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் போட்டு இறுக்கி, ஐஸ்கிரீம் கடைக்காரர் யாரையாவது கேட்டு அவருடைய ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, குளிர் போன பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் கூடை மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பெரிய மியூசியங்களிலும் இதே வேலைதான் செய்கிறார்கள்.

கத்தியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். உதிர்கிற துருவை மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் ஒற்றி லேசாகத் துடைத்தால் போதும். சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்துபோன வளைவு இருக்குமே, அது எத்தனை வருஷ வேலை என்று சொல்லும். கூடைக்கு வார்னிஷ் கூடாது. குடும்ப அட்டையை தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள், செலோ டேப்பும் ஒட்டாதீர்கள். நல்ல பேப்பர் உறையில் போட்டு இருட்டில் வையுங்கள், பார்வைக்கு ஜெராக்ஸ் போதும்.

கடைசியாக நம்பர். முதல் நாளே ஒரு கட்டை நோட்டு வாங்கி, வருஷம், புள்ளி, வந்த வரிசை எண் என்று ஒவ்வொன்றுக்கும் போடுங்கள். அந்த நம்பரைப் பென்சிலால் ஒரு அட்டையில் எழுதிப் பருத்தி நூலால் கட்டுங்கள். யார் கொடுத்தார்கள், யார் பிடித்தது, எந்த மலையில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை. கொடுத்தவர் பேசுவதை போனில் பதிந்து, அந்தப் பதிவுக்கும் அதே நம்பர். இந்த நோட்டு தொலைந்தால் உங்களிடம் இருப்பது வெறும் பழைய சாமான்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரே 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து முதல் வீடுகளைக் கட்டியதில் தொடங்கியது. அவர்களுடைய பங்களாக்கள், சர்ச், கல்லறை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ரோடு போடுவதற்கு முன்னால் அவர்களையும் அவர்கள் மூட்டைகளையும் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் மேலே சுமந்து வந்தார்களே, அந்த ஆட்களின் தோளில் இருந்த கட்டை ஒன்றைக்கூட நான் எங்கேயும் பார்த்ததில்லை. நீங்கள் தொடங்குவது நல்ல வேளையில்.

கேரட் தோட்டம் (கேத்தி) பதில்:

மலைரயில் அண்ணா சொன்ன அதே பேச்சில் நானும் ஒன்று சேர்க்கிறேன். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்கிற பெரிய மியூசியத்தில் ஒரு களைக்கொத்து இருக்கிறது. கலிபோர்னியாவில் லெட்யூஸ் கீரை வயலிலும் பீட்ரூட் வயலிலும் மெக்சிகோக்காரத் தொழிலாளிகள் பிடித்தது. அவர்கள் பாஷையில் அதற்கு "குட்டைக்காரன்" என்கிற மாதிரி ஒரு பெயர், எல் கோர்த்தீத்தோ. பிடி இரண்டு அடிகூட இருக்காது. அதனால் பயிர் கலைத்துவிட, களை எடுக்க நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்துக்கொண்டே நடக்க வேண்டும். நீளப் பிடி போட்டால் கீரைக்கு அடிபடும், குட்டைப் பிடிதான் சரியாக வரும் என்று முதலாளிகள் சொன்னார்கள். தொழிலாளிகள் சொன்னது வேறு. குட்டைப் பிடி இருந்தால் நிமிர்ந்து நிற்கிற ஆளை மேஸ்திரி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், நிமிர்ந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முதுகு போன தொழிலாளிகளும் டாக்டர்களும் சாட்சி சொல்லி, வழக்கு மேல் கோர்ட் வரை போய், 1975-ல் கலிபோர்னியாவில் அதைத் தடை செய்தார்கள். செசார் சாவேஸ் என்கிற தொழிற்சங்கத் தலைவரும் சின்ன வயதில் அதைப் பிடித்து வேலை செய்தவர்தான்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எதற்கும் கொத்து குட்டையாகத்தான் இருக்கும். எங்கள் அம்மா குனிந்தபடியே பத்து பாத்தி முடித்துவிட்டு, எழும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றி இன்னொரு கையால் இடுப்பைப் பிடித்துத்தான் எழுவார். அதை வயசு என்று நினைத்தேன். அப்போது அவருக்கு 41 வயது.

எங்கள் வீட்டுக் கொத்தின் பிடி சீகை மரம். அம்மாவின் கட்டை விரல் படுகிற இடத்தில் மரம் குழிந்திருக்கிறது, என் விரலை வைத்தால் அந்தக் குழி எனக்குப் பெரியதாக இருக்கிறது. அக்கா, தேயிலை மட்டும்தான் என்றில்லையானால் இதைத் தருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வருகிற பிள்ளைகள் கையில் பிடித்து, ஐந்து நிமிஷம் குனிந்து நிற்கட்டும்.

எடக்காடு தம்பி பதில்:

எல்லோரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், நான் மாற்றிச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பாட்டி வேலையை விட்ட அன்றைக்கே படங்கையும் கூடையையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார். அட்டை கடித்த காலோடு, மழையில் நனைந்த கஞ்சிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அரைப் பேர் (பாதி நாள் கூலி) போட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டே வாழ்ந்தவர். என் பேரப்பிள்ளைகள் கண்ணில் இது படக் கூடாது என்றார். அந்தப் பாட்டியின் பேரன் நான். அதை இப்போது பிரேம் போட்டு மாட்டினால் பங்களாவில் வந்து தங்குகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் அந்த வேலைகள் முடிந்துபோயின, அதனால் மியூசியத்தில் வைத்தார்கள். இங்கே இன்று காலையும் பெண்கள் மலைக்குப் போயிருக்கிறார்கள். முடியாத வேலைக்கு மியூசியம் எதற்கு?

கூடலூர் வாசி பதில்:

தம்பி, உங்கள் பாட்டி செய்தது அவருடைய உரிமை, அதில் யாரும் வாய் வைக்க முடியாது. ஆனால் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அமெரிக்கச் சுரங்க ஊர்களில் கம்பெனியே கடை வைத்திருந்தது. கூலியைப் பணமாகத் தராமல் கம்பெனி பெயர் அடித்த உலோக வில்லையாகத் தருவார்கள், அது அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். விலையும் அவர்கள் வைத்ததுதான். மாசக் கடைசியில் தொழிலாளி கம்பெனிக்குக் கடன்காரன். இன்று அந்த வில்லைகளை மியூசியங்களில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்தால் காசு மாதிரியே இருக்கும். ஆனால் அடுத்த ஊரில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாத காசு.

எங்கள் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒரு காகிதம் இருந்தது. இந்த ஆள் இவ்வளவு கடன் பாக்கி, அதை யார் கட்டுகிறார்களோ அவர்கள் இவனை அழைத்துப் போகலாம் என்று எழுதின சீட்டு. ஆள் சேர்த்து வேலை வாங்குகிற ஒரு கங்காணி கையிலிருந்து இன்னொரு கங்காணி கைக்கு ஆளோடு சேர்ந்து கடனும் போகும். 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு துண்டு இருந்ததாம், கப்பலேறும் முன் பெரியப்பா கிழித்துப் போட்டுவிட்டார். கேவலம் என்று நினைத்திருக்கிறார். இன்று என் மகனிடம் சொன்னால், "அது எப்படிப்பா, மனுஷனை அப்படிக் கைமாற்ற முடியும்" என்று நம்ப மறுக்கிறான். காட்டுவதற்கு என் கையில் ஒன்றும் இல்லை.

இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில், அங்கிருந்த நம் ஆட்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த எண்ணில் ஒரு குடும்பம் கொழுந்துக்கூடை அக்காவுடையது, ஒன்று எங்களுடையது. நமக்கு வேலை தரத்தான் நீலகிரியில் அரசே காட்டை வெட்டித் தேயிலை போட்டது. இதெல்லாம் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரியைப் பிடித்து நிறுத்த ஒரு குடும்ப அட்டையும் ஒரு கூடையும் வேண்டும்.

வேலை முடியவில்லை என்கிறீர்களே, அதனால்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்கச் சுரங்கத்தில் தொழிலாளிகள் போராடி, நிறுவையைச் சரிபார்க்கத் தங்கள் ஆளையே தராசு பக்கத்தில் நிறுத்தினார்கள். நம் பிள்ளைகள் அந்தப் பித்தளை வில்லையின் கதையைக் கேட்டுவிட்டு நம் தராசைப் பார்க்கட்டும். இன்று காலை மலைக்குப் போன அந்தப் பெண்களும் சாயங்காலம் வந்து பார்க்கட்டும்.

மலைரயில் (குன்னூர்) மறுபடி:

தம்பி சொன்ன போட்டோ விஷயம் உண்மை, அதற்கு வழி செய்ய வேண்டும். நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெரு என்று ஒரு ஐந்து மாடி வாடகைக் கட்டடம். 1863-ல் கட்டியது, 1935-ல் மேல் மாடிகளை மூடிவிட்டார்கள். அதற்குள் சுமார் ஏழாயிரம் பேர் அங்கே குடியிருந்து போயிருக்கிறார்கள், எல்லோரும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்ததை 1988-ல் மியூசியமாக எடுத்தார்கள். தையல் வேலை செய்த ஒரு குடும்பத்தின் வீட்டை அப்படியே காட்டுகிறார்கள், முன் அறையில் தையல் மெஷின், அடுப்பில் இஸ்திரிப் பெட்டி, அதே இடத்தில் பிள்ளைகள். யாரும் தனியாக உள்ளே சுற்ற முடியாது, ஒருத்தர் கூடவே வந்து அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லித்தான் காட்டுவார்.

நீங்களும் அதுமாதிரி, தோட்டத்தில் வேலை செய்த ஒரு அக்காவோ பாட்டியோ உட்கார்ந்து சொன்னால்தான் அறை திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள். முடிந்தால் காலியான லயத்தில் ஒரு காம்பராவையாவது (ஒரு குடும்பம் இருந்த அறை), அடுப்புக்கரி படிந்த சுவரோடு அப்படியே கேட்டுப் பாருங்கள்.

கொழுந்துக்கூடை (கோத்தகிரி) மறுபடி:

எல்லோருக்கும் நன்றி. எடக்காடு தம்பி, உங்கள் பாட்டி கதையை அறையில் எழுதி வைக்க அனுமதி தருவீர்களா? அவர் கொளுத்திய கூடைக்கு ஒரு காலி இடம் விட்டு, அங்கே அதை எழுதலாம் என்று இருக்கிறேன்.

பூண்டு அண்ணா சொன்னபடி கூடையைப் பேக்கரிக்காரர் ஃப்ரீசரில் வைத்து எடுத்தாயிற்று. கேத்தி தங்கையின் கொத்து கண்டிப்பாக வேண்டும், அதைப் பிள்ளைகள் கையில்தான் கொடுப்போம். கதை சொல்ல இரண்டு பாட்டிமார் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் அம்மா.

நேற்று ராத்திரி கூடைக்கான சீட்டை எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "தேயிலைத் தொழிலாளர் கூடை, மூங்கில், 1970களிலிருந்து" என்று ஆரம்பித்திருந்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கூடையை யார் பின்னினது என்று போடலையே" என்றார். அப்புறம் அவராகவே சொல்லச் சொல்ல நான் போனில் பதிந்து எழுதினேன். சீட்டு இப்போது இப்படி இருக்கிறது:

"இது கோத்தகிரிச் சந்தையில் ஒரு கிழவி பின்னி விற்றது. ஆறு ரூபாய் சொன்னார், ஐந்துக்குக் கொடுத்தார். தலைக்கயிறு என் பழைய சேலைக் கரையை முறுக்கிச் செய்தது, சணல் கயிறு உச்சியை அறுத்துவிடும். மழை நாளில் நிறைந்த கூடையோடு சறுக்கில் இறங்கும்போது இரண்டு கையும் கயிற்றில்தான் இருக்கும், விழுந்தால் ஊன்றக் கை கிடையாது. இரண்டு தரம் விழுந்தேன். முதல் தரம் கொழுந்து கொட்டிவிட்டது என்று அழுதேன். இரண்டாம் தரம் வயிற்றில் பிள்ளை இருந்தது, அது நல்லபடியாகப் பிறந்தது, இந்தச் சீட்டை எழுதுவது அவள்தான். நைலான் பை வந்த பிறகு இதில் கோழி அடைத்தோம்."

இதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசகசாலையில் சாமான் வாங்குகிறோம். செடி மேல் வைத்து மட்டம் பார்த்துக் கொழுந்து எடுப்போமே, அந்த மட்டக்குச்சி யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். அம்மாவுடையது ஒரு மழைக்காலத்தில் அடுப்புக்குப் போய்விட்டது.